மணவாளநல்லூரில் கட்டிய பிராது

“எப்படி ஆச்சும்மா?” என்று ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள். பதில் சொன்னது எங்கள் முதலாளி.

“வூட்டுல கிரைண்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போது கைய உட்டுட்டாங்க.”

எங்கள் வீட்டில் கிரைண்டரே கிடையாது. மாவு அரைக்கத் தெருக்கோடி மில்லுக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு போகிறவள் நான். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வலி முந்திக்கொண்டது. என் வலது கை அவருடைய துண்டுக்குள் இருந்தது. ஆட்டோவில் வந்த வழியெல்லாம் அந்தத் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். “ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிக்கொண்டே என்னைவிட அதிகமாக நடுங்கினார். அதனால் அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. பிறகுதான் வந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபின் என்னால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. வலியைச் சொல்லவில்லை. வலிக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்தக் கிரைண்டருக்குத்தான் மாத்திரை இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும், “பாத்து அரைக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் சொன்ன பொய் எனக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

நான் வேலை பார்த்தது விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நாலைந்து பிரஸ், வெளியே காய வைக்கிற களம். வீட்டு மெயின் பெட்டியில் வெள்ளையாக ஒன்று இருக்குமே, ஃபியூஸ் போனால் பிடுங்கிக் கம்பி சுற்றுவோமே, அதைத்தான் அடிப்போம். பொடி மண்ணை அச்சில் கொட்டி, தலைக்கு மேலே இருக்கிற இரும்புக் கையைப் பிடித்து இழுத்துச் சுற்றினால், மேல் அச்சு தொம்மென்று இறங்கும். எத்தனை அடிக்கிறோமோ அத்தனைக்குக் கூலி. அடிக்காத நேரத்துக்கு யாரும் எதுவும் தர மாட்டார்கள்.

மேலே தூக்கி நிறுத்திய இரும்பு, தானாக இறங்காமல் இருக்க ஒரு கொக்கி உண்டு. என் பிரஸ்ஸில் அது தேய்ந்து போயிருந்தது. முதலாளியிடம் சொன்னோம். “பாக்கலாம், பாக்கலாம்” என்றார். அவர் பார்க்கிறவரைக்கும் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் வீட்டில் உலை கொதிக்காது. பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து நாங்களே கட்டிக்கொண்டோம். ஒரு நாள் அது அறுந்தது. அச்சில் ஒட்டிக்கொண்ட மண்ணை வழிக்க அப்போதுதான் விரலை உள்ளே விட்டிருந்தேன். இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. நடுவில் இருந்தவை இல்லை.

என் வீட்டுக்காரர் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். எதிரே வருகிறவன் தப்பான பக்கத்தில் வந்தாலும் வண்டியை மண்ணில் இறக்கி வழிவிட்டு, “போவட்டும், அவசரமா இருக்கும்” என்பார். இப்படிப்பட்ட ஒருவருக்கு என்னைப் போல ஒருத்தியைக் கட்டிவைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். கட்டு இன்னும் பிரிக்காத ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலேயே குளித்துவிட்டு எங்கோ போனவர், நெற்றி நிறைய விபூதியோடு திரும்பி வந்தார்.

“பிராது கட்டிட்டேன்” என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரை ஒட்டி மணவாளநல்லூரில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. அங்கே சாமிக்கே மனு எழுதிக் கொடுக்கலாம். நான் இன்னார், இன்னார் எனக்கு இப்படி அநியாயம் செய்தார், விசாரிக்க வேண்டியது என்று எழுத வேண்டும். வீட்டிலிருந்து கோயில் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி வழிச்செலவு மாதிரி ஒரு கட்டணமும் உண்டு. எங்களுக்குக் கூப்பிடு தூரம். குருக்கள் மனுவைச் சாமி முன்னால் வைத்து எடுத்துக் கொடுப்பார். அதைக் கொண்டுபோய் முனியப்பர் சன்னதி வேலில் கட்ட வேண்டும். மூன்று நாள், மூன்று வாரம், மிஞ்சிப்போனால் மூன்று மாதம், அதற்குள் சாமி தீர்த்துவைத்துவிடும் என்று நம்பிக்கை. தீர்ந்ததும் மறக்காமல் போய், ராஜினாமா என்று ஒரு வாபஸ் சீட்டு எழுதிக் கொடுத்து பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

“நான் கேஸு போடணும்னு சொன்னேங்க.”

“அதான் பெரிய எடத்துல குடுத்தாச்சே. இப்ப இன்னொரு எடத்துலயும் போயி குடுத்தா, சாமிய நம்பலன்னு ஆவும்.”

“கிரைண்டர்னு சொன்னது சாமியா?”

“அதத்தான் எழுதியிருக்கேன். அப்புறம், எதிராளிக்குத் தெரியாம கட்டுறது முறை இல்ல. அதனால வர்ற வழியில மொதலாளியையும் பாத்து சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

கையில் இருந்த டம்ளரை வீசினேன். இடது கை, பழக்கமில்லை. சம்பந்தமே இல்லாமல் காலண்டரில் போய்ப் பட்டது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கிரைண்டர் என்று சொன்ன அதே வாய், என் பிரஸ்ஸில்தான் இவள் கை போனது என்று சொல்ல வேண்டும். அவர் அதைச் சொல்லாதவரை நான் அங்கே வேலை பார்த்தவளே இல்லை. வேலை பார்க்காதவளுக்கு ஏது நஷ்டஈடு? இது ஒரு பக்கம். சொந்த வீட்டில் கிரைண்டரில் கையை விட்ட துப்புக்கெட்டவள் என்ற பேரோடு காலம் தள்ளுவது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்லியிருப்பேன்.

மூன்று நாள் போனது. மூன்று வாரம் போனது. வீட்டில் கால் தரிக்கவில்லை. சாயங்காலமானால் என்னை அறியாமல் பேட்டைப் பக்கம் நடந்துவிடுவேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஒரு டீயை வாங்கி ஆறவிட்டுக்கொண்டு நிற்பேன். உள்ளே தொம், தொம் என்று சத்தம் கேட்கும். என் பிரஸ்ஸில் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அவள் மெதுவாக அடித்தாள். பயப்படுகிறாள் போல. பயப்படட்டும், நல்லது என்று நினைத்தேன். எனக்கு அவள்மேலும் கோபம்தான்.

ஒரு நாள் பக்கத்து பிரஸ் அக்கா வெளியே வந்தார். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். எனக்கு அடிபட்டபோது என் தோளைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

“நீ போன மறுநாளே கொக்கிய மாத்திட்டாரு. புதுசு. பளபளன்னு இருக்குது.”

எனக்கு உடம்பு எரிந்தது. அத்தனை மாதமாக மாற்ற முடியாத கொக்கி, ஒரே நாளில் எங்கிருந்து வந்தது?

“அக்கா, இத வந்து சொல்லுவீங்களா?”

“என்னக் கூப்பிட்டு வச்சுக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். ஆனா தயவுசெஞ்சு என்னக் கூப்பிடாத. எனக்கு இந்த வேலைய விட்டா வேற இல்ல.”

அவரைத் திட்ட வாய் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்று மாதமும் முடிந்தது. “என்னாங்க, சாமி தீர்ப்பு எழுதிட்டாரா?” என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் கொஞ்சம்கூடச் சிரிக்காமல், “நெறைய கேஸு இருக்கும்ல. வரும்” என்றார். அன்றைக்கு அவர் கரும்பு ஏற்றப் போனதும், ஒரு கையால் புடவையைச் சுற்றி முடிந்துகொண்டு நானே கிளம்பினேன். கோர்ட்டில் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருந்தது.

அங்கே எனக்குக் கொடுத்த வக்கீலம்மா சின்ன வயசு. நான் சொன்னதை ஒரு இடத்தில்கூட மறிக்காமல் கேட்டார். வேறு யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

“எண்ணிக்கைக் கூலின்னாலும் நீங்க தொழிலாளிதான்க்கா. டியூப கட்டுனது நீங்கதான், அஜாக்கிரதன்னு அவங்க பேசலாம். அதுக்காக ஈடு கிடையாதுன்னு ஆயிடாது. ஆனா மொதல்ல நீங்க அங்க வேல செஞ்சீங்க, அங்கதான் அடிபட்டுதுன்னு நிரூபிச்சு நிக்கணும். சம்பளச் சீட்டு எதாவது இருக்குதா?”

“இல்லம்மா. சனிக்கிழமையானா கையில குடுப்பாங்க.”

“இஎஸ்ஐ?”

“அதெல்லாம் இல்ல.”

வேலில் கட்டிய பிராதைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சாமிக்குக் கெடு கிடையாதுக்கா. நமக்கு ரெண்டு வருசம்தான். இப்பவே போட்டுருவோம்.” மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, பெருவிரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். முடியாது என்றேன். இடது கையில் பேனாவைப் பிடித்து, எழுத்துக்கள் ஒன்றின்மேல் ஒன்று விழ, என் பேரை எழுதினேன். ப்ளஸ் டூ படித்தவள், ரேகை வைக்க மாட்டேன்.

அவர்கள் தரப்புப் பதில் வந்தது. வக்கீலம்மா வாசித்துக் காட்டினார். மனுதாரர் யார் என்றே எதிர்மனுதாரருக்குத் தெரியாது. எதிர்மனுதாரரிடம் அவர் ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

யார் என்றே தெரியாதாம். அவருடைய துண்டு எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. துவைத்தும் கறை போகவில்லை. யார் என்றே தெரியாதவளின் கையிலா அதைச் சுற்றினார்? வக்கீலம்மா அறையிலேயே எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். “உக்காருங்கக்கா, எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க” என்றார். எல்லோரும் எழுதுவார்கள் என்பதற்காக எனக்கு எரியாமல் இருக்குமா?

கேஸ் போட்டதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “சாமி கோவிச்சுக்காம இருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அதுவும் எனக்கு ஆத்திரம்தான். சண்டைக்குக்கூட வராத மனுஷனோடு என்னதான் செய்வது?

கேஸ் கடலூர் தொழிலாளர் ஆபீசில் நடந்தது. ஒரு தேதிக்குப் போனால் இன்னொரு தேதி கொடுத்தார்கள். வடலூர், குறிஞ்சிப்பாடி என்று பஸ் ஊர் ஊராக நின்று போகும். போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். வரும்போது சொல்லாமல் விட்டதை எல்லாம் சொல்லிக்கொண்டு வருவேன். முதலாளி ஒரு தேதிக்கும் வரவில்லை. அவருடைய வக்கீல்தான் வந்து தள்ளிவைக்கச் சொல்லிவிட்டுப் போவார்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பழப்பை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை. என் கைப் பக்கம் பார்வை திரும்பவே இல்லை. தரையைப் பார்த்துப் பேசினார்.

சூளையில் ஏற்றிய லோடு முழுக்க விரிசல் விட்டுவிட்டதாம். மகளுக்குப் பேசி முடித்த இடம் தள்ளிப்போகிறதாம். படியில் சறுக்கி அவர் மனைவிக்குக் கால் பிசகிவிட்டதாம். மழையில் சரியாகக் காயாத சரக்கை அவசரத்துக்குச் சூளையில் ஏற்றினால் விரிசல் விடும், அதற்குச் சாமி எதற்கு என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“நான் கேஸப் பத்திப் பேச வரல” என்றார். “அது பாட்டுக்கு நடக்கட்டும். வக்கீல் பாத்துப்பாரு. அந்தப் பிராத மட்டும் எடுத்துருங்க. கட்டுனதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. கடலூர் ஆபீஸ், சட்டம், நோட்டீஸ், இதில் எதற்கும் அவர் பயப்படவில்லை. வேலில் கட்டியிருக்கிற ஒரு துண்டுக் காகிதத்துக்குத்தான் பயந்துபோய் வந்திருக்கிறார். நான் எத்தனை மாதமாகத் தூங்காமல் நடக்கிறேனோ அத்தனை மாதமாக அவரும் தூங்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

“எடுக்கறோம் மொதலாளி” என்றேன். “கடலூருக்கு நீங்களே வந்து, உங்க பிரஸ்ஸுலதான் என் கை போச்சுன்னு சொல்லுங்க. மறுநாளே எடுக்கறோம்.”

“அங்க சொன்னா எழுத்துல ஏறிடும்மா. இங்க வேணா சாமி முன்னால சூடத்த அணைச்சு சொல்றேன்.”

“சாமிக்குத்தான் தெரியுமே. தெரியாதது கடலூரு ஆபீசருக்குத்தான்.”

அவர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “கட்டுனது நீங்கதானே? நீங்க வந்து எடுத்தாலே போதும். ஒதவியா என்னா வேணுமோ செய்யறேன்.”

எதிரே வருகிறவனுக்கெல்லாம் வழிவிடுகிற மனுஷன். இவருக்கும் விட்டுவிட்டால் என்ன செய்வது? என் வீட்டுக்காரர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னார்.

“கட்டுனது நான்தாங்க. கை அவளுது. அவ எப்ப சொல்றாளோ அப்ப எடுக்கறேன்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு அந்த மனுஷன்மேல் அவ்வளவு ஆசை வந்ததில்லை. முதலாளி பழப்பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த தேதிக்கு முதலாளி வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சோற்றை வடிக்காமல் குழையவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. “ஒரு எடத்துல உக்காரேன், எனக்கே தல சுத்துது” என்றார் வீட்டுக்காரர். கடலூர் போகிற அன்று என்னோடு அவரும் வந்தார். நெற்றியில் மூன்று பட்டை, மார்பில் மூன்று பட்டை தெரிகிற மாதிரி சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டிருந்தார். வேண்டுமென்று செய்தாரா, தற்செயலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

முதலாளி வந்திருந்தார். அவருடைய வக்கீல் அவரைப் பேசவிடாமல் இருக்க என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஆபீசரே நேராகக் கேட்டார். “இந்தம்மா உங்ககிட்ட வேல செஞ்சாங்களா, இல்லையா?”

முதலாளி வக்கீலைப் பார்த்தார். பின்னால் பெஞ்சில் இருந்த என் வீட்டுக்காரரின் நெற்றியைப் பார்த்தார்.

“செஞ்சாங்க சார். என் கம்பெனியிலதான். என் பிரஸ்ஸுலதான் கை போச்சு. நான்தான் துண்ட சுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். கிரைண்டர்னு சொன்னதும் நான்தான்.”

டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்த வக்கீல் பேனாவை மூடி பையில் போட்டுக்கொண்டார். எங்கள் வக்கீலம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். “அவ்வளவுதான்க்கா, நின்னுட்டோம். இனிமே டாக்டரு சொல்ற ஊன சதவீதம், அதுக்கு ஈடு, அந்தக் கணக்குதான் பாக்கி.” நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. சந்தோஷம்கூட வரவில்லை. நான் காத்திருந்த அந்த வார்த்தைகள் அப்படியே, ஒன்று குறையாமல் வந்துவிட்டன. அவர் அவற்றை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் பையிலிருந்து துண்டை எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். வாங்கி, பிரித்துப் பார்க்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“நாளைக்கே எடுத்துருவீங்கல்ல?” என்றார்.

மறுநாள் மணவாளநல்லூருக்குப் போனோம். முதலாளியும் அவர் மனைவியும் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். மனைவி இன்னும் லேசாக நொண்டினார். என் வீட்டுக்காரர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். குருக்கள் அதைச் சாமி முன்னால் வைத்து தீபாராதனை காட்டிவிட்டு, விபூதித் தட்டோடு வெளியே வந்தார். முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டபடி என் பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் தூக்கம் வந்துவிட்டது. எனக்கோ கால் இன்னும் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது.

குருக்கள் வரிசையாக விபூதி கொடுத்துக்கொண்டே வந்தார். பழக்க தோஷம், வலது கையைத்தான் நீட்டினேன். அவரும் பழக்கத்தில், விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் போட்டார். விபூதி தரையில் விழுந்தது. முதலாளி கண்ணைத் திறந்தார். ஆட்டோவில் வந்த அந்த நாளுக்குப் பிறகு அவர் என் கையைப் பார்த்தது அப்போதுதான்.

குருக்கள் இன்னொரு சிட்டிகை எடுத்து, இந்த முறை பார்த்து, உள்ளங்கையில் வைத்தார். எல்லோரிடமும் கேட்கிற மாதிரி என்னிடமும் கேட்டார்.

“பிராது தீர்ந்துச்சாம்மா?”

“அவருக்குத் தீர்ந்துச்சு, சாமி” என்றேன்.